தொலைபேசிச் சுரங்கத்திலிருந்து கஃபார் மார்க்கெட் வரை

வெள்ளைக்காரன் காலத்து இந்தியாவில் தொலைபேசியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. சுரங்கம் வெட்டி மண்ணுக்கடியிலிருந்து எடுத்தார்கள். இப்படி ஒரு பொய் வரலாற்றைக் கொஞ்சமும் கூசாமல் சொல்கிறது ‘இன் த பாஸ் பிட்வீன் த ரிங்கிங்’ என்கிற கணினி விளையாட்டு. 2019இல் வெளிவந்தது. செய்தவர்கள் குஜராத்தில் வாபிக்குப் பக்கத்திலுள்ள சாலா என்ற சிற்றூரின் ஸ்டுடியோ ஒலியோமிங்கஸ். ஸ்டுடியோ என்றதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். துருவ் ஜானி, சுஷாந்த் சக்ரவர்த்தி என்று இரண்டே பேர். லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் இந்த விளையாட்டுக்குக் கைகொடுத்தது. விளையாடுகிறவர் ஒரு பைசா தர வேண்டாம். இட்ச்.ஐஓவிலோ ஸ்டீமிலோ போய் இறக்கிக்கொள்ளலாம்.

அப்படி இறக்கிய ஒரு பிரதி டெல்லி கரோல் பாக்கில் எங்கள் வீட்டு மாடிக்கும் வந்து சேர்ந்தது. மாடி அறையில் இருப்பவன் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்க வந்த திருநெல்வேலிப் பையன். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, “சார், இதுல யாரையும் சுட வேண்டாமா?” என்றான்.

“வேண்டாம்ப்பா. வாசிக்கணும்.”

“அதைத்தானே சார் காலையிலேர்ந்து பண்ணிக்கிட்டிருக்கேன்.”

இந்தக் கோப்பு வந்து சேர இதைவிடப் பொருத்தமான பேட்டை இந்தியாவில் இருக்குமா என்பது சந்தேகம்தான். எங்கள் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போனால் கஃபார் மார்க்கெட். பிரிவினையில் வந்தவர்கள் கடை போட்ட சந்தை. எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கானின் பெயரைத் தாங்கியது. இன்று அங்கே செத்த கைபேசிகளைப் பிரித்துப்போட்டு வைத்திருக்கிறார்கள். கண்ணில் லென்ஸ் மாட்டிய பையன்கள் சூடான காற்றைப் பாய்ச்சி மதர்போர்டிலிருந்து சிப்பைப் பெயர்த்தெடுக்கிறார்கள். தட்டில் குவித்த திருகாணிகள், ரப்பர் பேண்டு போட்டு அடுக்கிய டிஸ்ப்ளேக்கள். சாலாக்காரர்கள் கற்பனை செய்த தொலைபேசிச் சுரங்கம் இங்கே அன்றாடம் நடக்கிறது.

விளையாட்டுகள் இந்தச் சந்தைக்குப் புதிதல்ல. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் டெல்லியில் விளையாட்டு என்றால் பாலிகா பஜாரிலோ இங்கேயோ பேரம் பேசி வாங்கிய நகல் சிடிதான். அதில் அதிகம் ஓடியது ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’. அதன் பிறப்பை நினைத்தால் சிரிப்பு வரும். ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ‘குவேக்’ இன்ஜினை உரிமம் வாங்கி, அதன்மேல் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டைச் செய்தது வால்வ். மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் அந்த ‘ஹாஃப்-லைஃப்’ மேல் ஒன்றைக் கட்டி, 1999 ஜூனில் எல்லாருக்கும் சும்மா கொடுத்தார்கள். வால்வ் அதை 2000இல் வாங்கிக்கொண்டு பெட்டியில் போட்டு விற்றது. இலவசமாகப் பிறந்த ஒன்றைத்தான் டெல்லிப் பையன்கள் திருட்டுச் சிடியாகக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

அந்தக் காலத்தில் இன்ஜின் என்பது பெரிய இடத்துச் சமாச்சாரம். முப்பரிமாண உலகைத் திரையில் வரைவது, விழுந்த பொருளை உருளவைப்பது, ஒலியைத் தூரத்துக்குத் தகுந்தபடி மங்கச் செய்வது என எல்லா அடிப்படை வேலையையும் செய்துதரும் நிரல் தொகுப்பு அது. அதன் உரிமத்துக்குக் கொட்டிக் கொடுக்கக் கம்பெனிகளால் முடிந்தது. சாலாவில் இருக்கும் இரண்டு பேரால் முடியாது.

கதை மாறியது கோபன்ஹேகனில். டேவிட் ஹெல்கசன், நிக்கலஸ் ஃபிரான்சிஸ், யோவாகிம் ஆன்டே என்ற மூவர் 2005இல் ‘கூபால்’ என்று ஒரு விளையாட்டு வெளியிட்டார்கள். போணியாகவில்லை. விளையாட்டைவிட, அதைச் செய்ய எழுதிய கருவிகள்தான் தேறும் என்று கண்டுகொண்டு அவற்றை விற்க வந்தார்கள். அதுதான் யூனிட்டி. முதலில் மேக் கணினியில் மட்டும்தான் அதில் வேலை செய்ய முடியும். 2009இல் விண்டோஸுக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 199 டாலர் விலையிருந்த சிறு உரிமத்தை இலவசமாக்கினார்கள். நம் ஊர் சின்னக் கைகளுக்குக் கதவு திறந்தது அந்த வருஷம்தான் என்பேன். எபிக் நிறுவனம்கூட அடுத்த மாதமே தன் அன்ரியல் இன்ஜினின் ஒரு வடிவத்தை இலவசமாகத் தர வேண்டியதாயிற்று.

இந்த இலவசத்தைத் தானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் காசு கட்ட வேண்டும். தாண்டாதவரை விளையாட்டு தொடங்கும்போது யூனிட்டியின் முத்திரை திரையில் தோன்றியே ஆகவேண்டியிருந்தது; அதை நீக்கும் சலுகையே யூனிட்டி 6 வந்த 2024இல்தான் கிடைத்தது. யூனிட்டியில் செய்த விளையாட்டின் ஜிப் கோப்பைப் பிரித்துப் பாருங்கள். ஓடும் .எக்ஸி கோப்பு ஒன்று இருக்கும். பக்கத்தில் யூனிட்டிபிளேயர்.டிஎல்எல். பிறகு ‘டேட்டா’ என்று முடியும் ஒரு கோப்புறை. செய்தவரின் சொத்து அந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது: எழுதிய கதை, வரைந்த சுவர், பதிவு செய்த ஒலி. டிஎல்எல் அவருடையது அல்ல. அதைக் கூடவே அனுப்ப அனுமதி உண்டு, அவ்வளவே. ஆனால் அது இல்லாமல் விளையாட்டு ஓடாது. யூனிட்டியின் அசெட் ஸ்டோரில் நாற்காலியோ மரமோ வாங்கிப் போட்டிருந்தால் அதையும் விளையாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். தனியே எடுத்துப் பயன்படுத்தும்படி மூலக்கோப்பாகக் கொடுக்க முடியாது. பந்தி போடலாம், பாத்திரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது.

பாத்திரக்காரர் மனம் மாறினால் என்ன ஆகும்? 2019 ஜனவரியில் அதற்கு ஒரு முன்னோட்டம் கிடைத்தது. யூனிட்டி விதிகளைத் திருத்தியதில், இம்ப்ராபபிள் என்ற நிறுவனத்தின் சேவையை நம்பிச் செய்த விளையாட்டுகள் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக விதிமீறல் ஆகிவிட்டதாகக் கூச்சல் எழுந்தது. சில நாளில் யூனிட்டி இறங்கி வந்தது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் பழைய விதியிலேயே இருக்கலாம் என்று வாக்கும் கொடுத்தது.

அந்த வாக்கு எவ்வளவு தாங்கும் என்பது 2023 செப்டம்பர் 12 அன்று தெரிந்தது. இனி நிறுவல் ஒன்றுக்கு 20 சென்ட் வரை கட்டணம் என்று அறிவித்தார்கள். ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரையும் மொத்த நிறுவல் 2 லட்சத்தையும் தாண்டிய விளையாட்டுகளுக்கே அது பொருந்தும் என்பதால், ஒலியோமிங்கஸ் மாதிரி ஒன்றும் வாங்காமல் கொடுப்பவர்களுக்கு நேரடியாக ஆபத்தில்லை. விளம்பரத்தை நம்பி இலவசமாகத் தருபவர்களுக்குத்தான் வயிறு கலங்கியது. ஆள் ஒருவருக்குச் சில பைசா தேறும் தொழிலில் தலைக்கு 20 சென்ட் என்றால், ஆட்டம் ஊரெங்கும் பரவுவதே அதைச் செய்தவருக்குத் தண்டனை. திருட்டு நகலை நிறுவினாலும் கணக்கா, தர்மத்துக்குத் தந்த தொகுப்பில் போனாலும் கணக்கா என்று கேள்விகள் குவிந்தன. பத்து நாளில் யூனிட்டி பாதி பின்வாங்கியது. அக்டோபரில் தலைமை அதிகாரி ஜான் ரிச்சிடெல்லோ வெளியேறினார். அறிவித்து சரியாக ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பர் 12 அன்று கட்டணத்தையே ரத்து செய்தார்கள்.

அதற்குள் பலர் கோடோ பக்கம் போய்விட்டார்கள். அர்ஜென்டினாவின் ஹுவான் லினியட்ஸ்கி, ஏரியல் மன்சூர் இருவரும் உருவாக்கி, 2014இல் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்ட இன்ஜின் அது. ‘டெரேரியா’ விளையாட்டைச் செய்த ரீ-லாஜிக் நிறுவனம் அந்த செப்டம்பரிலேயே கோடோவுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்தது. தன் விளையாட்டைச் சும்மா கொடுக்க நினைப்பவர் இனி தொடங்குவதானால் இங்கே தொடங்குவதே புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே செய்து முடித்ததை இடம் மாற்றுவது வேறு கதை. கிட்டத்தட்ட மறுபடி எழுத வேண்டும்.

கொடுப்பதற்கு வேறு செலவுகளும் உண்டு. ஸ்டீமில் ஒரு விளையாட்டை ஏற்ற 100 டாலர் கட்ட வேண்டும். அது 1,000 டாலர் சம்பாதித்தால் அந்த நூறு திரும்பி வரும். இலவச விளையாட்டு எதைச் சம்பாதிப்பது? நூறு போனது போனதுதான். இட்ச் இந்த விஷயத்தில் கண்ணியமானது. நுழைவுக் கட்டணம் இல்லை. தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதையும் செய்தவரே முடிவு செய்யலாம், சுழியம்கூட.

ஒலியோமிங்கஸின் விளையாட்டுகள் பலவற்றிலும் ஒரு பெயர் வரும்: மிர் உமர்ஹசன், குஜராத்திக் கவிஞர். அவருடைய எழுத்தைத் தழுவியதாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்படி ஒரு கவிஞரே கிடையாது. இல்லாத மூலத்துக்கு நகல் எடுப்பதுதான் அவர்களுடைய விளையாட்டு. எங்கள் கரோல் பாக்கின் டேங்க் ரோடும் அப்படித்தான்: போலித் துணிகளுக்காக அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகத்தின் கறுப்புப் பட்டியலில் இடம்பிடித்த தெரு. அங்கே மூலம் எது, நகல் எது என்று கேட்டால் கடைக்காரர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

மாடிப் பையன் ஒரு ராத்திரி உட்கார்ந்து விளையாட்டை முடித்துவிட்டான். சிநேகிதனுக்கும் வேண்டுமாம். சிநேகிதனின் லேப்டாப்பில் வைஃபை செத்துப்போய், மார்க்கெட் கடை ஒன்றில் கிடந்தது. ரிப்பேர் முடிந்ததும் அங்கேயே பென் டிரைவிலிருந்து ஏற்றித் தரச் சொன்னார்கள்.

“கேம் ஃப்ரீதான் பையா” என்று பையன் சொல்லிப் பார்த்தான்.

கடைக்காரர் அதை மறுக்கவில்லை. ஐம்பது ரூபாய், லோடிங் சார்ஜ்.