வெளியே 38 டிகிரி வெயில்... உள்ளே குளுமை! வைக்கோல் சுவர் எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் டூசான், பாலைவன நகரம். ஜூன் மாதப் பகலில் வெயில் சராசரியாக 38 டிகிரி செல்சியஸைத் தொடும். அங்கே வைக்கோல் கட்டுகளை அடுக்கி சுவர் எழுப்பி, வீடு கட்டி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். 1996-லேயே இதற்கென கட்டட விதிகளும் வந்துவிட்டன.

எங்கே தொடங்கியது?

நெப்ராஸ்கா மாநிலத்தின் மணல்மேட்டுப் பகுதியில் மரம் கிடைப்பது அரிது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் வைக்கோலை இறுக்கிக் கட்டும் இயந்திரம் வந்ததும், அந்தக் கட்டுகளையே செங்கல் மாதிரி அடுக்கிவிட்டார்கள். அங்குள்ள ஆர்தர் என்ற ஊரில் 1928-ல் இப்படிக் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது.

வெயில் ஏன் உள்ளே வருவதில்லை?

ஐஸ் கட்டியை மரத்தூளில் மூடி வைப்பார்கள் இல்லையா? அதே கணக்குதான். வைக்கோலுக்குள் சிக்கிய காற்று நகர முடியாது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஒரே கனத்தில் ஒப்பிட்டால், செங்கல் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் வைக்கோல் கட்டு கடத்தும். சுவரின் கனமும் அரை மீட்டருக்குப் பக்கத்தில் வரும்.

மண் பூச்சு எதற்கு?

வைக்கோல் வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் தேக்கி வைக்காது. அந்த வேலையைச் செய்வது உள்பக்கம் பூசும் களிமண். சமையல், ஆட்கள், மின்சாதனங்களால் வரும் சூட்டைப் பகலில் அது உறிஞ்சிக்கொள்ளும். டூசானில் ஜூன் இரவில் வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். அப்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் பூச்சு குளிரும். காலையில் மூடிவிட வேண்டும்.

இடைவெளி விட்டால் போச்சு!

வெப்பத்தைத் தடுக்கும் திறனை அமெரிக்காவில் 'ஆர்' மதிப்பால் அளக்கிறார்கள். எண் கூடினால் தடுப்பும் கூடும். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 1990-களின் நடுவில் சோதித்த ஒரு வைக்கோல் சுவருக்குக் கிடைத்தது வெறும் 17. பலகைக்கும் கட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் காற்று ஓடியதே காரணம். 1998-ல், இருபக்கமும் நெருக்கமாகப் பூசிய 19 அங்குலச் சுவருக்கு 27.5 கிடைத்தது. வைக்கோல் அதேதான், வேலைத்தரம்தான் வேறு.

தீப்பிடிக்காதா?

உதிரி வைக்கோல் சட்டெனப் பற்றும். கட்டுமானத்தின்போது தரையில் சிதறிக் கிடப்பதுதான் ஆபத்து. இறுக்கிக் கட்டி பூசிவிட்டால் உள்ளே எரிவதற்குப் போதிய காற்று இருக்காது. 2006-ல் அமெரிக்காவில் நடந்த தீச்சோதனையில் களிமண் பூசிய சுவர் 1 மணி நேரமும், சிமென்ட் பூசிய சுவர் 2 மணி நேரமும் தாங்கின.

உண்மையான எதிரி தண்ணீர்தான். நனைந்த வைக்கோல் உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். அதனால்தான் உயர்த்திய அடித்தளம், நீட்டிய கூரை, ஈரத்தை வெளியே விடும் பூச்சு என மூன்றும் கட்டாயம்.

எல்லா ஊருக்கும் சரிவருமா?

வராது. இரவிலும் புழுக்கம் குறையாத ஊரில் பூச்சு குளிர வழியே இல்லை. வறண்ட ஊரிலும் சுவரை மட்டும் நம்பினால் பலன் கிடைக்காது. கூரைக்கு வெப்பத் தடுப்பு இல்லாமல், மேற்கு ஜன்னலுக்கு நிழலும் இல்லாமல் கட்டினால், சுவர் தடுத்த வெயில் அந்த வழியாக உள்ளே வந்துவிடும்.