சித்திரக் கதையும் சிறுவரும்

காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில், 1949 ஜூலை 16-ஆம் நாள், பிரான்சில் சிறுவர் ஏடுகளைப் பற்றி ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கொள்ளை, பொய், களவு, கோழைத்தனம், பகைமை ஆகியவற்றை நல்லனபோலச் சிறுவர் ஏடுகள் காட்டலாகாது என்பது அதன் விதி. சோம்பலையும் அப்பட்டியலில் சேர்த்திருந்தனர்! ஆசிரியத் தொழிலில் இருந்த எவரும் அதனை மறுக்கமாட்டார்.

1954 நவம்பர் முதல் நாள் இவ்வூர் இந்திய நிருவாகத்தில் இணைந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்கச் சித்திரக் கதைப் பதிப்பாளர்கள், பெற்றோரின் கண்டனத்துக்கு அஞ்சித் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர். 1955-இல் பிரிட்டனும் 1956-இல் இந்தியாவும் தனித்தனியே சட்டம் செய்தன. குற்றம், கொடுமை, அருவருப்பு ஆகியவற்றைப் படங்களாலோ படங்களின்றியோ சொல்லும் கதைகளை இந்தியச் சட்டம் குறித்தது. எனினும், நூலை முழுமையாக நோக்கும்போது அது இளையோரைக் கெடுக்குமா என்பதே அச்சட்டம் கேட்கும் கேள்வி. இந்த 'முழுமையாக' என்னும் சொல்லை நான் நெடுநாள் மறந்திருந்தேன்.

தலைமையாசிரியராயிருந்தபோது, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனிடமிருந்து ஒரு சித்திரக் கதையைப் பறித்தேன். குருதி வழியும் படம் ஒன்று என் கண்ணிற் பட்டதே காரணம். "ஐயா, கடைசிப் பக்கம் பார்த்தீர்களா?" என்றான் அவன். பார்க்கவில்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி'யைப் பூகோளப் புத்தகத்துள் மறைத்துப் படித்தவன்தான் நானும்! அன்றிரவு மாணவனின் நூலை முழுதும் படித்தேன். காயமுற்றவனை அவன் பகைவனே தூக்கிச் சென்று காப்பாற்றுவதாகக் கதை முடிந்தது.

இத்தவறு பெரிய அளவிலும் நிகழ்ந்ததுண்டு. ஜப்பானியர் தம் சித்திரக் கதைகளை 'மங்கா' என்பர். அவற்றை வலமிருந்து இடமாகப் படிப்பர். ஹிரோஷிமா அணுகுண்டுக்குத் தப்பிய நகஸவா கெய்ஜி, அக்கொடுமையை 1973 முதல் 'வெறுங்கால் கென்' என்னும் மங்காவாக வரைந்தார். அதன் சில காட்சிகள் கொடியவை என்று கருதி, மட்சுவே நகரக் கல்வி வாரியம் 2012 டிசம்பரில், பள்ளி நூலகங்களில் மாணவர் கைக்கு எளிதில் எட்டாதவாறு அதனை வைக்கச் செய்தது. கண்டனம் எழவே, 2013 ஆகஸ்டில் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. வெந்த உடல்களைக் காட்டாமல் அணுகுண்டைப் பற்றி எங்ஙனம் சொல்வது?

நம் ஊர் அம்மையாரையே எண்ணிப் பாருங்கள். ஆனிப் பௌர்ணமியில் மாடிகளிலிருந்து எறியப்படும் மாங்கனிகளைப் பிடிக்கச் சிறுவர் முந்துகின்றனர். அம்மையாரோ எலும்பு தெரியும் பேயுருவை வேண்டிப் பெற்றவர். அவ்வுருவை மட்டும் ஒரு பக்கத்தில் கண்ட அயலூர்ப் பிள்ளை அஞ்சக்கூடும். மாங்கனிக் கதையறிந்த காரைக்கால் பிள்ளை அஞ்சுவதில்லை.

மறுநாள் அந்த மாணவனை அழைத்து நூலைத் திருப்பிக் கொடுத்தேன். அதன் அடுத்த பாகம் எட்டாம் வகுப்பில் ஒருவனிடம் இருப்பதாக அவன் மெல்லத் தெரிவித்தான்.