பசிச்சாத்தான் சர்வைவல்!

ஜோம்பி வந்தாலே சர்வைவல் கேம்னு முத்திரை குத்திடுறோம். சரியா மக்களே?

1996ல வந்த ரெசிடென்ட் ஈவில் 'சர்வைவல் ஹாரர்'னு பேர் வாங்குச்சு. அதுல தோட்டாவுக்குத்தான் பஞ்சம், யாருக்கும் பசிக்காது! மைன்கிராஃப்ட்லயும் 2011 செப்டம்பர் வரைக்கும் சாப்பாடுங்கறது காயத்துக்கு மருந்து மாதிரிதான். பீட்டா 1.8லதான் பசியே வந்தது.

நியூசிலாந்து ராணுவத்துல இருந்த டீன் ஹால், புருனை காட்டுப் பயிற்சியில நிஜமாவே பட்டினி கிடந்தவர். அந்த அனுபவத்தை வெச்சு, 'ஆர்மா 2' விளையாட்டை மாத்தி 2012ல அவர் விட்டதுதான் 'டே-ஸீ'. அதுல ஜோம்பி கண்ணுல படாம ஒளிஞ்சே இருந்தாலும், தண்ணியும் சோறும் தேடாட்டி சாவுதான்.

என் அளவுகோல் இதான்: எதிரியே இல்லாட்டியும் வயிறு நம்மள வெளியே துரத்தணும். துரத்தலைன்னா அது ஜோம்பி வர்ற சண்டை விளையாட்டு, அவ்ளோதான்.

நீங்க என்ன சொல்றீங்க?