பக்க வாசல் திறந்திருந்த காலம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து அழைத்தான். பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவன். இரண்டு வார விடுமுறையில் போனவனுக்கு, அப்படியே பாரிஸும் பார்த்துவிட்டு வரலாமே என்று ஆசை. விசா கவுண்டரில் கேட்டிருக்கிறான். "நீங்கள் இங்கே சுற்றுலா வந்தவர். உங்கள் ஊருக்குப் போய் விண்ணப்பியுங்கள்" என்று அனுப்பிவிட்டார்களாம்.

"பாஸ்போர்ட் இருக்கு, பணம் இருக்கு. எங்க நின்னு கேட்டா என்ன சார்? அந்தக் காலத்துலயும் இப்படித்தானா?" என்றான்.

கேள்வி என்னை விடவில்லை. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அவன் பிரச்சினை. ஷெங்கன் நாடுகளின் 2009 விசா சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: எந்த நாட்டில் சட்டப்படி வசிக்கிறீர்களோ, அங்குள்ள தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேறு நாட்டில் இருந்துகொண்டு கேட்பதென்றால், ஏன் அங்கிருந்து கேட்கிறீர்கள் என்பதற்கு அவர்கள் ஏற்கும்படியான காரணம் வேண்டும். ஆசை காரணம் ஆகாது. ஊரில் இருப்பவனுக்கு வேலை, வீடு, குடும்பம் எல்லாவற்றுக்கும் ஆதாரம் இருக்கும், திரும்பி வருவான் என்று நம்பலாம், நடுவழியில் நிற்பவனை எப்படி நம்புவது என்பதுதான் அதன் தர்க்கம்.

ஆனால் ஊரில் கேட்டால் கிடைக்காது, நடுவழியில் கேட்டால் கிடைக்கும் என்று தலைகீழாக இருந்த காலமும் உண்டு. 1980களின் சீனா அதற்கு நல்ல உதாரணம்.

1949க்குப் பிறகு முப்பது ஆண்டுகள், வெளிநாட்டவர் நினைத்த மாத்திரத்தில் சீனாவுக்குள் போக முடியாது. அழைப்பு வேண்டும், குழு வேண்டும், கூடவே வழிகாட்டி வேண்டும். ஹாங்காங்கிலிருந்து நேராகக் காண்டன் போகும் ரயில்கூட 1949இல் நின்று, 1979 ஏப்ரலில்தான் மறுபடி ஓடியது. இடைப்பட்ட காலத்தில் பயணிகள் லோ வூ எல்லையில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தை நடந்து கடந்து, மறுபக்கம் வேறு ரயில் ஏறினார்கள்.

1978 டிசம்பருக்குப் பிறகு டெங் சியாவ்பிங் காலத்தின் சீர்திருத்தங்கள் தொடங்கின. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. சுற்றுலா அதற்கு ஒரு வழி. 1980இல் வெளிநாட்டவருக்கென்றே தனி நோட்டுகள் அச்சிட்டார்கள். டாலரைக் கொடுத்து அந்த நோட்டை வாங்கி, அதில்தான் ஹோட்டல் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் விசா? மேற்கத்திய நாடுகளில் இருந்த சீனத் தூதரகங்களில் கேட்டால், "குழுவோடு வாருங்கள்" என்பதே பெரும்பாலும் பதிலாக இருந்தது.

இங்கேதான் ஹாங்காங் வருகிறது. அது அப்போது பிரிட்டிஷ் காலனி. பெய்ஜிங்கோ அதைத் தன் மண் என்றே கருதியது. தன் மண்ணில் யாராவது தூதரகம் வைப்பார்களா? வைக்கவில்லை. சின்ஹுவா செய்தி நிறுவனத்தின் கிளைதான் அங்கே தூதரகத்துக்கு ஈடாக இயங்கியது. இன்னொரு பக்கம், உறவினரைப் பார்க்க எல்லை தாண்டிப் போய்வரும் ஹாங்காங் சீனர்களுக்கு டிக்கெட்டும் தாளும் ஏற்பாடு செய்யும் பயண நிறுவனங்கள் அங்கே ஏற்கெனவே இருந்தன.

அந்த வழியில், 1980களின் தொடக்கத்தில் ஒரு புதுமை நடந்தது. முதுகில் பையோடு ஆசியாவைச் சுற்றிக்கொண்டிருந்த இளைஞர்கள், ஹாங்காங் ஏஜென்ட் ஒருவரிடம் பாஸ்போர்ட்டையும் கட்டணத்தையும் கொடுத்தால் சில நாட்களில் தனிநபர் சுற்றுலா விசா வந்துவிடுகிறது என்று கண்டுகொண்டார்கள். நாதன் சாலையில் 1961இல் கட்டிய சுங்கிங் மேன்ஷன்ஸ் என்ற பழைய அடுக்குமாடியின் மலிவு விடுதிகளில் இந்தச் செய்தி வாய்மொழியாகப் பரவியது. 1984இல் லோன்லி பிளானெட் சீனாவுக்கென்று தனிக் கையேடு வெளியிடும் அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

இது திருட்டு வழி இல்லை என்பதைக் கவனியுங்கள். விசா அசல், முத்திரை அசல். முன்வாசலை மூடி வைத்துக்கொண்டே அரசு பக்க வாசல் வழியாகக் கொஞ்சம் பேரை விட்டுப் பார்த்தது. முன்வாசலைத் திறந்தால் அது கொள்கை ஆகிவிடும், திரும்ப மூடினால் உலகம் கேட்கும். பக்க வாசலை எப்போது வேண்டுமானாலும் சாத்திக்கொள்ளலாம்.

உள்ளே போன பிறகும் வேலை முடியாது. விசா நாட்டுக்குள் நுழையத்தான். பெரிய நகரங்கள் சில தவிர மற்ற ஊர்களுக்குப் பொதுப் பாதுகாப்புக் காவல் அலுவலகத்தில் தனிப் பயணச் சீட்டு வாங்கி, அதில் ஊர்ப் பெயரை எழுதி வாங்க வேண்டும். ஓர் ஊர் அலுவலகத்தில் மறுத்தது அடுத்த ஊரில் கிடைக்கும். எந்த அதிகாரி, எந்த மனநிலை என்பதைப் பொறுத்தது.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி நம் நாட்டுக்காரர். எழுத்தாளர் விக்ரம் சேத், 1981இல் நான்ஜிங் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். கோடை விடுமுறையில் மாணவர் குழுவோடு சின்ஜியாங்கின் துர்ஃபானுக்குப் போகிறார். திபெத் வழியாக இந்தியா திரும்ப வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் சீட்டில் லாசா என்ற பெயர் இல்லை. ஒரு மாலை, நிகழ்ச்சி ஒன்றில் அவரைப் பாடச் சொல்கிறார்கள். ராஜ் கபூரின் 'ஆவாரா' படத்துப் பாடலைப் பாடுகிறார். 1951இல் வந்த அந்தப் படம் சீனாவில் அவ்வளவு பிரபலம். அங்கிருந்த வாத்தியக்காரர்களுக்கும் பாட்டு தெரிந்திருந்தது. அந்தப் பாட்டு உண்டாக்கிய நல்லெண்ணத்தோடு காவல் அலுவலகத்துக்குப் போகிறார். சீட்டில் லாசா ஏறிவிடுகிறது! பிறகு லாரி ஏறிப் பாலைவனமும் பீடபூமியும் கடந்து லாசா போய், நேபாளம் வழியாக வீடு சேர்ந்தார். 1983இல் வெளிவந்த 'ஃப்ரம் ஹெவன் லேக்' என்ற அவருடைய பயண நூல் இந்தக் கதைதான்.

அதே 1981இல்தான், 1962 போருக்கு முன்பிருந்தே அடைபட்ட கைலாய மானசரோவர் பாதை இந்திய யாத்ரீகர்களுக்கு மீண்டும் திறந்தது. அதற்கு இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அது முன்வாசல். சேத்துக்கு ஒரு பாட்டும் ஓர் அதிகாரியும் போதுமாக இருந்தன.

ஆனால் பக்க வாசலுக்கு உத்தரவாதம் கிடையாது. 1984இல் லாசா தனிப் பயணிகளுக்குத் திறந்தது. 1987 அக்டோபரில் அங்கே ஆர்ப்பாட்டங்கள் வெடித்தன. நடந்ததைப் பார்த்த பயணிகள் வெளியே வந்து உலகுக்குச் சொன்னார்கள். உடனே தனிப் பயணிகளுக்குக் கதவு சாத்தப்பட்டது. இன்றும் வெளிநாட்டவர் திபெத்துக்குச் சிறப்பு அனுமதியோடு, ஏற்பாடு செய்யப்பட்ட பயணமாகத்தான் போக முடியும். சீனாவின் மற்ற பகுதிகளில் நடந்தது வேறு. 1986 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, மூடிய பகுதிகளுக்கு மட்டும் பயணச் சீட்டு வாங்கினால் போதும் என்றானது. பக்க வாசலில் பார்த்த பரிசோதனை மெல்ல முன்வாசல் விதியானது.

இந்தக் கதையை நான் ஏக்கத்தோடு மட்டும் சொல்லவில்லை. அதிகாரியின் விருப்பத்தில் ஓடும் முறையில் பாடத் தெரிந்தவனுக்கு லாசா கிடைக்கும், தெரியாதவன் திரும்பிப் போவான். எழுதிய விதி என்றால் என் மாணவனுக்கும் அடுத்தவனுக்கும் ஒரே பதில். அது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்குள் ஒரு சின்ன அநியாயமும் இருக்கிறது. பாரிஸ் போக விசாவே கேட்காத பாஸ்போர்ட்டுகள் எத்தனையோ உண்டு. அவற்றை வைத்திருப்பவன் சிங்கப்பூரில் நின்றாலும் சிகாகோவில் நின்றாலும் ஒன்றுதான். 'ஊருக்குப் போய்க் கேள்' என்ற வாக்கியம் நம் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது.

மாணவனிடம் இதையெல்லாம் சொல்லி, "ஊருக்கு வா, ஆதாரங்களைச் சேர்த்து முறையாக விண்ணப்பி. அடுத்த முறை இரண்டு நாடு பார்க்கும் எண்ணம் இருந்தால், கிளம்பும் முன்பே இரண்டுக்கும் விசா வாங்கிவிடு" என்றேன்.

"சரி சார்" என்றவன், கொஞ்சம் யோசித்துவிட்டு, "கவுண்டர்ல ஒரு பாட்டு பாடிப் பாத்திருக்கலாமோ?" என்றான்.

பத்தாம் வகுப்பில் அவன் பாடிய கடவுள் வாழ்த்து எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாடாமல் வந்ததே நல்லது என்று சொல்லிவிட்டேன்.

வெளிநாட்டில் நின்றபடி இன்னொரு நாட்டு விசா வாங்கிய அனுபவம், வாங்க முடியாமல் திரும்பிய அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.