செப்சிஸ்: யாருக்கு உயிர் ஆபத்து அதிகம்? எமர்ஜென்சியில் டாக்டர்கள் கணிப்பது எப்படி?

காய்ச்சல்னு மருத்துவமனைக்கு வரும் எல்லோருக்கும் ஆபத்து இல்லை. ஆனால் சிலர் சில மணி நேரத்திலேயே கவலைக்கிடமாகிவிடுவார்கள். அவர்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் அவசர சிகிச்சைப் பிரிவின் பெரிய சவால்.

செப்சிஸ் என்றால் என்ன?

கிருமித்தொற்றை எதிர்க்க வேண்டிய உடல், கட்டுப்பாடு இழந்து தன் உறுப்புகளையே பாதிக்கும் நிலைதான் செப்சிஸ். நிமோனியா, சிறுநீர்த் தொற்று, ஆறாத புண் என எதிலிருந்தும் வரலாம். 2017ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 4.89 கோடி பேர் பாதிக்கப்பட்டு, 1.1 கோடி பேர் உயிரிழந்ததாக மதிப்பீடு.

பார்த்தவுடன் கவனிக்கும் 3 விஷயங்கள்

2016ல் சர்வதேச நிபுணர் குழு அறிமுகப்படுத்திய முறை 'கியூ-சோஃபா'. இதற்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை.

• மூச்சு: நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல்
• பிபியின் மேல் அளவு: 100 அல்லது அதற்குக் கீழ்
• நினைவு: குழப்பம், அரை மயக்கம்

ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண். மொத்தம் 2 அல்லது 3 வந்தால் உயிரிழப்பு அபாயம் அதிகம் என்று அர்த்தம்.

மதிப்பெண் குறைந்தால் பயமில்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. செப்சிஸ் இருந்தும் தொடக்கத்தில் 2 மதிப்பெண் வராதவர்கள் உண்டு. அதனால்தான் இதை மட்டுமே நம்பி செப்சிஸைக் கண்டறிய வேண்டாம் என 2021ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. நாடித்துடிப்பு, ஆக்சிஜன், உடல் வெப்பம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது பிரிட்டனின் 'நியூஸ்-2' முறை. அதில் 7 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனடி கவனிப்பு தேவை.

லாக்டேட் ஏன் முக்கியம்?

திசுக்களுக்கு ரத்த ஓட்டம் குறையும்போது ரத்தத்தில் லாக்டேட் கூடும். போதுமான அளவு சலைன் ஏற்றிய பிறகும் லாக்டேட் 2க்கு மேல் இருந்து, பிபியைத் தாங்கிப் பிடிக்க மருந்தும் தேவைப்பட்டால் அது 'செப்டிக் ஷாக்'. இந்தக் கட்டத்தில் 100 பேரில் 40 பேருக்கு மேல் உயிரிழக்கலாம். அதனால் ஷாக் இருந்தால் 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பது பரிந்துரை.

குடும்பத்தினர் என்ன சொல்ல வேண்டும்?

நோயாளி வழக்கமாக எப்படி இருப்பார் என்பது டாக்டருக்குத் தெரியாது. "அப்பா இப்படிப் பேச மாட்டார்", "காலையிலிருந்து யூரின் போகல", "எப்பவும் பிபி 150 இருக்கும்" போன்ற தகவல்கள் மிக முக்கியம். வீட்டில் காத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்; இதையெல்லாம் கேட்காமலேயே சொல்லுங்கள்.