மோரே எல்லை வணிகம்

மணிப்பூரின் மோரே, மியன்மாரின் தமு நகரங்களுக்கு இடையிலான சிறு இறக்குமதி, மொத்த வியாபாரம். 1962 ராணுவப் புரட்சிக்குப் பின் பர்மாவை விட்டு வந்து, தமிழகத்தில் காலூன்ற முடியாமல் திரும்பிப் போக முயன்று, எல்லையிலேயே தங்கிவிட்ட தமிழர்களுக்கு இதில் பெரும்பங்குண்டு; பர்மிய மொழியே அவர்களின் கைமுதல். 1994 ஒப்பந்தப்படி 1995இல் முறையான வணிகம் தொடங்கியது. முதலில் 22 பொருள்களுக்கே அனுமதி. அதில் இருந்த பண்டமாற்று முறை 2015 டிசம்பரில் நீக்கப்பட்டது. சுறுசுறுப்பான சந்தை என்னவோ அனுமதிப் பட்டியலுக்கு வெளியேதான் நடந்தது: காலையில் எல்லை வாயிலைக் கடந்து மியன்மார் பக்கத்து நம்பாலோங் கடைகளில் போர்வை, செருப்பு, எலெக்ட்ரானிக் சாமான்கள் வாங்குவார்கள், மாலைக்குள் மூட்டைகள் மோரே வந்து, இம்பாலுக்கு வண்டியேறும். சரக்கில் பெரும்பகுதி சீனா, தாய்லாந்து தயாரிப்பு. 2020இல் கொரோனாவால் எல்லை மூடப்பட்டது. 2021 மியன்மார் ராணுவப் புரட்சியும் 2023 மணிப்பூர் கலவரமும் வியாபாரத்தை மேலும் முடக்கின.