லா மாசியா

லா மாசியா: ஸ்பெயினின் பார்சிலோனா கால்பந்துக் கழகம் நடத்தும் இளையோர் பயிற்சிக்கூடம். கேம்ப் நூ அரங்கின் அருகே, 1702இல் கட்டப்பட்ட பண்ணை வீட்டில் 1979இல் வெளியூர்ச் சிறுவர் விடுதியாகத் தொடங்கியது. 2011இல் புதிய கட்டடத்துக்கு மாறியது. இளையோர் அணிகளும் முதன்மை அணியின் ஆட்டமுறையையே பழகுவது இதன் தனித்தன்மை. யோஹான் கிரைஃப் முதன்மை அணியின் பயிற்றுநராக இருந்த காலத்தில் (1988–96) இம்முறை வேரூன்றியது. வட்டமாக நிற்போர் ஓரிரு தொடுதலில் பந்தைத் தட்டிவிட, நடுவில் நிற்பவர் அதைப் பறிக்க முயலும் ‘ரோண்டோ’ அன்றாடப் பயிற்சி. பார்வைக்கு விளையாட்டுப் போலிருந்தாலும், நெருக்கடியில் நொடியில் முடிவெடுக்கும் திறனை வளர்ப்பது இதுவே. பயிற்சியுடன் பள்ளிப்படிப்பும் தொடரும். உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான பலோன் தோர் விருதின் 2010ஆம் ஆண்டு இறுதி மூவரான மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி இங்கு உருவானவர்கள். 2012 நவம்பரில் லெவாந்தே அணிக்கு எதிரான ஆட்டத்தில், ஒரு கட்டத்தில் களத்திலிருந்த பார்சிலோனாவின் பதினொருவரும் இக்கூடத்தவர்களே. எனினும், சேர்வோரில் பெரும்பாலோர் முதன்மை அணியை எட்டுவதில்லை.